காதுகுத்துக் கூடாரம்

முப்பத்தெட்டு வயது ஆகும்வரை கோகிலவாணி வெளியூரில் இரவு தங்கியது மூன்றே காரணங்களுக்காகத்தான். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி. ஓர் ஊருக்குச் சும்மா போய், சும்மா படுத்து, சும்மா எழுந்து வருவது என்று ஒன்று இருப்பதை டி.வி.யில் பார்த்திருக்கிறாள். அதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் சமாச்சாரம் என்று சேனலை மாற்றியும் இருக்கிறாள்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் அவள் சத்துணவு சமைப்பவள். தினமும் எண்பது பிள்ளைகளுக்குச் சோறு. காலை எட்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப மூன்று ஆகும். கணவன் சென்றாயன் பாலக்கோடு தக்காளி மண்டியில் சுமை தூக்கினான். விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து போகிறவன், மதியம் வந்து சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். மகள் வெண்மதியும் மகன் குருவும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பாவின் குறட்டை மட்டும் வீட்டில் இருக்கும். நான்கு பேரும் ஒன்றாகக் கண் விழித்திருப்பது சாயந்திரத்தில் இரண்டு மணி நேரம். அதிலும் ஒரு மணி நேரம் கரண்ட் போய்விடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் மண்டியில் அடுக்கி வைத்த தக்காளிப் பெட்டிகள் சரிந்து சென்றாயனின் காலில் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. தர்மபுரியில் காப்பீட்டு அட்டையைக் காட்டிச் சேர்த்தார்கள். கம்பி வைத்தார்கள். பதினோரு நாள். அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோகிலவாணி அங்கேயே தங்கினாள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலுக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகள் அதில் ஏறிக்கொண்டார்கள். சென்றாயன் வலியை மறக்கக் கதை சொன்னான். துண்டுச் சீட்டில் ராஜா ராணி எழுதி விளையாடினார்கள். எப்போதும் திருடன் சீட்டு அவனுக்கே வந்தது. கோகிலவாணிக்கு அந்தப் பதினோரு நாளும் ஒரே பயம். இவன் எழுந்து நடப்பானா, நடந்தாலும் தூக்குவானா என்று.

நடந்தான். தூக்கத்தான் முடியவில்லை. குரல் நன்றாக இருந்ததால் மண்டிக்காரர் அவனை ஏலம் கூவ வைத்துக்கொண்டார். சம்பளம் கொஞ்சம் குறைவு, மரியாதை கொஞ்சம் அதிகம். எல்லாம் பழையபடி ஆனது.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எட்டு வயது குரு கேட்டான்.

"அம்மா, அப்பாவுக்கு மறுபடியும் எப்ப கால் உடையும்?"

சென்றாயனுக்குப் புரையேறிவிட்டது. "ஏன்டா, ஒரு தரம் உடைஞ்சது பத்தாதா?"

"அப்பதான நாம நாலு பேரும் ஒண்ணாவே இருந்தோம். ராஜா ராணி வெளையாடினோம்."

சென்றாயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெண்மதியும் சிரித்தாள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. தான் பயந்து செத்த பதினோரு நாளை இந்தப் பிள்ளை சுற்றுலாவாக நினைத்துக்கொண்டிருக்கிறதே என்று தோன்றியது. கை கழுவும்போது சொன்னாள்.

"கால் உடையாமலே போலாம்டா. மே மாசம் போலாம்."

எங்கே போவது? வெண்மதி போனில் ஏற்காட்டு அறை வாடகையைத் தேடிப் படித்தாள். ஒரு நாள் வாடகையில் இரண்டு மாதத்துக்கு மளிகை வாங்கிவிடலாம். போனை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். விடை மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. வேலைக்குப் போகக் கோகிலவாணி தினமும் ஏறுகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதே பஸ் கடைசி நிறுத்தம்வரை போகும். கடைசி நிறுத்தத்தைத் தாண்டினால் ஏரியோ மலையோ அணையோ ஏதாவது ஒன்று இருக்கும். இத்தனை வருடம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தோமே, இறங்காமல் போனால் என்ன? அவளுக்கும் வெண்மதிக்கும் செலவில்லை. சென்றாயனுக்கும் குருவுக்கும் மட்டும் டிக்கெட். டவுன் பஸ் எங்கே போகிறதோ அங்கேதான் போவது என்று முடிவு செய்தாள். முதல் ஊர் பஞ்சப்பள்ளி அணை.

தங்குவதற்குக் கூடாரம் வேண்டுமே. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு காதுகுத்து பிளெக்ஸ் மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டடிக்குப் பத்தடி. நடுவில் தலையில் கிரீடம் வைத்த குழந்தை, இரண்டு பக்கமும் சிங்கம், சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருபத்தாறு பேரின் முகங்கள். வாட்ச்மேனைக் கேட்டாள். "எடுத்துட்டுப் போம்மா, எனக்கு அவுக்கிற வேல மிச்சம்" என்றார் அவர். கோணூசியும் சணல் கயிறும் வைத்துக்கொண்டு இரண்டு சாயந்திரம் தைத்தாள். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி மேலே போட்டால் கூரை. இரண்டு பக்கமும் இறக்கி ஓரத்தில் கல் வைத்தால் சுவர். முன்னும் பின்னும் பழைய சேலை. யார் வீட்டு முகங்களோ, ஊர் பார்க்க வேண்டாம் என்று படத்தை உள்பக்கமாக வைத்தாள்.

சத்துணவு உதவியாளர் முனியம்மாளுக்கு விஷயம் தெரிந்தபோது பருப்பைக் கடைவதை நிறுத்திவிட்டாள்.

"பஞ்சப்பள்ளியில யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லக்கா."

"வேண்டுதலா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"சும்மாத்தான்."

முனியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வூட்டுல ஏதாச்சும் சண்டையா கோகிலா? எங்கிட்டச் சொல்லு."

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. சென்றாயன் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தான். ஒரு சாக்கில் கூடாரம், இன்னொன்றில் பாத்திரம், அரிசி, தக்காளி, இரண்டு போர்வை. கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கூடாரம்ங்க."

"எந்த சர்க்கஸ்?"

பஸ்ஸே சிரித்தது. குரு மட்டும் பெருமையாக, "எங்களோடதுதான்" என்றான்.

அணையில் தண்ணீர் பாதிதான் இருந்தது. ஆனாலும் அது அவர்கள் எதிர்பார்த்ததைவிட நீலமாக இருந்தது. கரையை ஒட்டி இரண்டு புங்க மரங்களுக்கு நடுவே கூடாரம் எழுந்தது. முதல் தடவை கட்டியது சரிந்தது. இரண்டாம் தடவை நின்றது. பிள்ளைகள் உள்ளே மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் இருந்த முகங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். பெரிய மீசைக்காரருக்குப் 'போலீஸ் மாமா' என்று பெயர். கோகிலவாணி அன்று கரண்டியைத் தொடுவதில்லை என்று சபதம் செய்திருந்தாள். சென்றாயன்தான் தக்காளிச் சோறு செய்தான். அடி பிடித்துவிட்டது. வேறொருவர் சமைத்து, வேறொருவர் பரிமாறி, தான் உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐந்து மணி வாக்கில் காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் ஒருவர் வேகமாக வந்தார். கூடாரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"என்னங்க இது? யானை தண்ணி குடிக்க வர்ற வழியில போய் வூடு கட்டியிருக்கீங்க! இங்கெல்லாம் தங்கவே கூடாதுங்க. மொதல்ல அவுருங்க."

சென்றாயன் உடனே கயிற்றை அவிழ்த்தான். கட்ட ஒரு மணி நேரம் ஆன கூடாரம் ஐந்து நிமிடத்தில் சாக்குக்குள் போனது. காவலர் நல்ல மனிதர். பெரிய சாக்கைத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வரை கூடவே நடந்து வந்தார். ஆனால் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. குரு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான்.

"ஆட்டோ சொல்லி வூட்டுக்கே போயிரலாம், கோகிலா" என்றான் சென்றாயன். அவளும் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அப்போது தெருமுனை வீட்டில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், "பன்னி, பன்னி, ஒளகே பன்னி" என்று கூப்பிட்டாள். குரு, "அம்மா, நம்மள பன்னின்றாங்க" என்று காதில் கிசுகிசுத்தான். கன்னடத்தில் உள்ளே வாங்க என்று கூப்பிடுகிறார்கள் என்று கோகிலவாணி அவனை அடக்கினாள். அந்தப் பெண் பெயர் ராமக்காள். ஐம்பது வயது இருக்கும். கன்னடமும் தமிழும் அவள் வாயில் ஒன்றாக வந்தன.

"யார் வூட்டுக்கு வந்தீங்க?"

"யார் வூட்டுக்கும் இல்லீங்கக்கா. கூடாரம் போட்டு ஒரு நாள் தங்கலாம்னு வந்தோம்."

"அதுக்கென்ன, எங்க வூட்டுல படுங்க. எடம் கெடக்குது."

"இல்லீங்க, வெளியிலதான் படுக்கணும்."

ராமக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளிய படுக்கறதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க" என்றாள் கோகிலவாணி. வேறு என்ன சொல்வது?

ராமக்காள் பால் கேனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த நெல்லடிக்கும் களத்தைக் காட்டினாள். தென்னைக்கும் மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் கயிறு கட்டினார்கள். மூன்றாம் தடவை கட்டியதால் கை பழகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் வெண்மதி சார்ஜர் விளக்கை உள்ளே மாட்டினாள். அவ்வளவுதான். மெல்லிய பிளெக்ஸ் அது. உள்ளே இருந்த கிரீடக் குழந்தையும் சிங்கங்களும் இருபத்தாறு முகங்களும் வெளியே பளபளவென்று தெரிந்தன. மந்தையில் திரை கட்டிப் படம் போட்டதுபோல் ஊர்ப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே பெரியவர்கள் வந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு பையன் கத்தினான். "டேய், அது நம்ம பச்சியப்பன் மாமன்டா!"

போலீஸ் மாமா என்று பெயர் வாங்கிய மீசைக்காரர்தான். யாரோ போன் போட்டார்கள். பத்தே நிமிடத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவரின் மீசை படத்தில் இருந்ததைவிடப் பெரியது. அவர் தன் முகத்துக்கு எதிரே போய் நின்றார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாரைக் கேட்டு என் படத்தைக் கூடாரம் போட்டீங்க?"

சென்றாயன் முன்னால் வந்தான். கோகிலவாணி அவனை நிறுத்திவிட்டுத் தானே சொன்னாள். "மண்டபத்து வாசல்ல மூணு வாரமாத் தொங்குச்சுங்க. வாட்ச்மேனைக் கேட்டுத்தான் எடுத்தேன். மழையில நனைஞ்சு குப்பைக்குப் போறதுக்கு, நாலு பேரு தலைக்கு மேல இருக்கட்டுமேன்னு. தப்பா இருந்தா அவுத்துக் குடுத்துர்றேங்க."

பச்சியப்பன் கூடாரத்து வாசலுக்கு நடந்தார். செருப்பைக் கழற்றினார். குனிந்து சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மல்லாந்து படுத்தார். வெளியே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. உள்ளிருந்து குரல் வந்தது.

"எங்க அக்கா மவன் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். இந்த பிளெக்ஸ் நான் அடிச்சது. அன்னிக்கு இருந்த அலைச்சல்ல நிமிந்து ஒரு தரம் பாக்கக்கூட நேரமில்ல." பிறகு, "நல்லாத்தான் அடிச்சிருக்கான். சிங்கம் ரெண்டும் ஜோரா இருக்குது" என்றார்.

கூட்டம் குபீரென்று சிரித்தது. வெளியே வந்தவர் குருவைத் தூக்கி நிறுத்திக்கொண்டார். "என் நெழல்ல படுக்கிற புள்ளைங்க. தாய்மாமன் சீர் செய்யாம வுட்டா ஊரு என்ன பேசும்?" மொபெட்டில் போனவர், ஒரு கூடை செந்தூரா மாம்பழத்தோடு திரும்பி வந்தார். அதற்குள் ராமக்காள், "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டுக்கொண்டே களியும் கீரைக் குழம்பும் எடுத்து வந்துவிட்டாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதெல்லாம் பேச்சுக்குத்தான், கேட்கும்போதே தட்டு வந்துவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. அன்று கோகிலவாணியின் சபதம் காப்பாற்றப்பட்டது. கரண்டி அவள் பக்கமே வரவில்லை. யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று அந்த ஊரில் அப்புறம் யாரும் கேட்கவில்லை. பச்சியப்பன் வீட்டு ஆட்கள் என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

காலையில் அவள் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. மாடு கத்தியது, கோழி கூவியது, பால் வண்டி ஹாரன் அடித்தது. சென்றாயன் அசையவில்லை. எட்டரை மணி! பதினாறு வருடக் கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் நிதானமாகத் தூங்கும் அவன் முகத்தை அவள் பார்த்தது குறைவு. மதியத் தூக்கம் வேறு, அது அலுத்து விழுவது. இது தூக்கம். புருவத்தில் இரண்டு நரை முடி இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ராமக்காள் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அவனை எழுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு வனக்காவலர் வந்து, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று கூட்டிப்போனார். முந்தின நாள் கூடாரம் போட்டிருந்த இடத்தில், ஈர மண்ணில் வரிசையாகத் தடங்கள். ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்துச் சாம்பார் அண்டாவின் மூடி அகலம். கயிறு கட்டிய புங்கமரத்துக் கிளை ஒன்று முறிந்து கிடந்தது. கோகிலவாணி காவலரைப் பார்த்துக் கைகூப்பினாள். குரு இரண்டு காலையும் ஒரே தடத்துக்குள் வைத்து நின்றுகொண்டு, "இன்னும் எடம் இருக்குது, அக்கா நீயும் வா" என்றான். வெண்மதியும் ஏறி நின்றாள்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு வாரம் இதே பேச்சு. அதிலிருந்து பள்ளி விடுமுறை வந்தால் பரணிலிருந்து கூடாரச் சாக்கு இறங்கிவிடும். முதலில் ஊருக்குள் போய் எங்கே தங்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பது என்பதைப் பஞ்சப்பள்ளியில் கற்றுக்கொண்டார்கள். தீர்த்தமலை அடிவாரத்தில் குரங்கு வந்து அரிசிப் பையைத் தூக்கிப்போனது. வத்தல்மலையில் மார்கழிக் குளிரில் பல் தந்தியடிக்க, நான்கு பேரும் இரண்டு போர்வைக்குள் ஒண்டிக்கொண்டு விடியும்வரை பாட்டுக்குப் பாட்டு விளையாடினார்கள். வாணியாறு அணைக்கு மூன்று டவுன் பஸ் மாறிப் போனதில் பகல் முழுக்கக் கழிந்தது. வெண்மதி அதையும் கணக்கில் சேர்த்து, "பஸ்ஸுலதான்மா நல்லா இருந்துச்சு" என்றாள். அந்தப் பயணத்தில் முனியம்மாளும் வந்தாள். யாரிடமும் சண்டையில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இந்த மே மாதம் அரூருக்கு அந்தப் பக்கம் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் தங்கினார்கள். தோட்டத்துக்காரரின் மனைவி தேவிப்பிரியா சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்தான். தோட்டத்தில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு. தேவிப்பிரியா பிள்ளைகளின் இடுப்பில் காலி எண்ணெய் டப்பாவைக் கட்டித் தண்ணீரில் இறக்கினாள். குரு ஒரு மணி நேரத்தில் நீந்தினான். வெண்மதிக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை.

கோகிலவாணி படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊரிலும் கிணறு உண்டு. அண்ணன் தம்பிகள் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அவர்கள் துணியைக் காயப்போடும் வேலை.

"நீங்களும் எறங்குங்கக்கா" என்றாள் தேவிப்பிரியா.

"நாப்பது வயசுல என்னாத்துக்கும்மா?"

"நாப்பது வயசுன்னு தண்ணிக்குத் தெரியுமா?"

வெண்மதி டப்பாவை எடுத்து வந்து அம்மாவின் சுடிதார் மேல் கட்டினாள். மூன்று முடிச்சு. ஏற்கனவே தண்ணீருக்குள் இருந்த படியில் நின்றிருந்த சென்றாயன் கையை நீட்டினான். கோகிலவாணி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கினாள். தண்ணீர் சில்லென்று நெஞ்சை அடைத்தது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது ஒரு கணம் பயமாக இருந்தது. அடுத்த கணம் அது வேறு மாதிரி இருந்தது.

"கைய வுடுங்க" என்றாள்.

"வுட்டா முழுகிருவே."

"வுடுங்கன்றேன்."

விட்டான். முழுகித்தான் போனாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். டப்பா அவளை இடுப்பைப் பிடித்து மேலே தூக்கியது. இருமிக்கொண்டே கையைக் காலை அடித்தாள். தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. மேலே குருவும் வெண்மதியும் தேவிப்பிரியாவும் போட்ட கூச்சல் கிணற்றுச் சுவரில் மோதி நூறு பேர் சத்தமாகக் கேட்டது. எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல் அடித்தவளின் விரலில் ஏதோ பட்டது. எதிர்ப்பக்கத்துக் கல். பற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சென்றாயன் அந்தப் படியில், அவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கத்தினாள். "அடியே, இந்த டப்பாவ வந்து அவுத்து வுடு. இன்னொரு தரம் வர்றேன்!"

"டப்பா இல்லாமலாம்மா?"

"ஆமாண்டி. சீக்கிரம் வா!"

மதியம் அவர்கள் ஊர் திரும்ப ஏற வேண்டிய பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது தோட்டம்வரை கேட்டது. யாரும் கிணற்றை விட்டு ஏறவில்லை.